அஞ்சினான் புகலிடம்: கொலம்பிய மலைக்கிராமம் ஒன்றின் கதை

நம் சங்க மலருக்கு வழக்கமாகக் கல்வெட்டு பற்றியோ பழைய நூல் பற்றியோதான் எழுதித் தருவேன். இந்த முறை கொஞ்சம் தூரம் போகிறேன், தென் அமெரிக்காவுக்கு. "ஜவுளி வியாபாரிக்குக் கொலம்பியா எதுக்கய்யா?" என்று மலர்க்குழு நண்பர் கேட்டார். எழுதி முடிக்கிறேன், அப்புறம் நீங்களே சொல்லுங்கள் என்றேன்.

முதலில் ஒரு சொல். நம்மைப் போல வெளிமாநிலத்தில் வாழ்கிறவர்களைப் 'புலம்பெயர்ந்தோர்' என்கிறார்கள். பெயர்தல் தன்வினை, பெயர்த்தல் பிறவினை. நாம் பெயர்ந்தவர்கள். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1982இல் நான் வதோதராவுக்கு வந்தபோது யாரும் என்னைத் துரத்தவில்லை. பிழைப்புக்காக வந்தேன். ஊரில் வீடு இன்னும் பூட்டிக் கிடக்கிறது, சாவி இங்கே என் பீரோவில் இருக்கிறது. நினைத்தால் ரயிலேறிப் போய்த் திறக்கலாம். திறக்கவே வீடு இல்லாமல் போனவர்கள் பெயர்க்கப்பட்டவர்கள். இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கினால் அவர்களுக்கு அநியாயம் செய்தவர்கள் ஆவோம்.

பெயர்க்கப்பட்டவர்களின் தேசம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது கொலம்பியாதான். 1985 முதல் உள்நாட்டுப் போரால் ஊரை விட்டு விரட்டப்பட்டவர்கள் என்று அந்நாட்டு அரசின் பதிவேட்டிலேயே 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் உள்ளனர். பெரும்பாலானோர் நாட்டுப்புறத்து ஏழைகள்: சிறு விவசாயிகள், பழங்குடிகள், ஆப்பிரிக்க வழிவந்த கறுப்பின மக்கள்.

வாழைத்தோட்டமும் மலையும்

கொலம்பியாவின் வடமேற்கு மூலையில், பனாமா எல்லைக்கு அருகே, கரீபியக் கடல் உள்வாங்கி நிற்கும் இடத்தில் ஊராபா என்ற வட்டாரம் இருக்கிறது. சமவெளி முழுக்க வாழைத் தோட்டங்கள். காய்கள் அங்கிருந்து கப்பலேறி அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகின்றன. சமவெளியை ஒட்டி எழுவது அபிபே மலைத்தொடர். அதன் அடிவாரத்தில் அபர்த்தாதோ என்ற நகரம், அங்கிருந்து மலை ஏறினால் சான் ஹொசே என்ற சிற்றூர், அதற்கும் மேலே சிதறிக் கிடக்கும் குடியிருப்புகள். கொக்கோ, மக்காச்சோளம், பீன்ஸ், சிறு வாழை பயிரிட்டு வாழும் குடும்பங்கள்.

இந்த மலை மூன்று தரப்பாருக்கும் வேண்டியிருந்தது. ஃபார்க் என்ற இடதுசாரிக் கெரில்லாக்களுக்கு மறைவிடம். அவர்களை ஒழிக்கக் கிளம்பிய ராணுவத்துக்குப் போர்க்களம். நிலக்கிழார்களும் போதைப்பொருள் வியாபாரிகளும் வளர்த்துவிட்ட துணைப்படைகளுக்கோ இது நிலம். பனாமா பக்கம் ஆயுதமும் சரக்கும் போகும் வழி. துணைப்படை என்றால் சீருடை போட்ட அடியாட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் ராணுவத்தோடு கைகோத்துத்தான் திரிந்தார்கள்.

1997 பிப்ரவரியில் ராணுவத்தின் 17ஆம் பிரிகேடு பக்கத்து வட்டாரத்தில் 'ஆப்பரேஷன் ஜெனிசிஸ்' என்ற நடவடிக்கையை நடத்தியது. வானிலிருந்து குண்டு, தரையில் துணைப்படை. ககாரிகா ஆற்றுப்படுகையின் கறுப்பின மக்கள் ஆயிரக்கணக்கில் ஊரைவிட்டு ஓடினார்கள். அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றம் 2013இல் இதற்குக் கொலம்பிய அரசையே பொறுப்பாக்கித் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வர 16 வருஷம் ஆனது.

பெயர்ப்பலகை

ககாரிகா மக்கள் ஓடிக்கொண்டிருந்த அதே பருவத்தில் சான் ஹொசே மக்கள் வேறொரு முடிவெடுத்தார்கள். 1997 மார்ச் 23 அன்று தங்களை 'அமைதிச் சமூகம்' என்று அறிவித்தார்கள். அப்பகுதியின் கத்தோலிக்க ஆயர் இசையாஸ் துவார்த்தே நடுநிலை என்ற யோசனையைச் சொன்னார். ஹாவியேர் ஹிரால்தோ என்ற இயேசு சபைப் பாதிரியார் தொடக்கம் முதல் உடன் நின்றார்.

ஊர் எல்லையில் ஒரு பலகை நட்டு விதிகளை எழுதிவைத்தார்கள். ஆயுதம் ஏந்த மாட்டோம். போரில் நேரடியாகவோ மறைமுகமாகவோ பங்கெடுக்க மாட்டோம். எந்தத் தரப்புக்கும் தகவல் சொல்ல மாட்டோம். அநீதிக்கும், தண்டனை இல்லாமல் குற்றவாளி தப்புவதற்கும் இணங்க மாட்டோம். கூட்டு வேலையில் எல்லாரும் பங்கெடுப்போம். இவற்றோடு மது கூடாது, கோக்கா பயிரிடக்கூடாது என்ற கட்டுப்பாடுகளும் உண்டு.

படிக்க எளிமையாகத்தான் இருக்கிறது. 'மறைமுகமாக' என்ற சொல்லிடம் கொஞ்சம் நில்லுங்கள். ராணுவ வீரன் வந்து தண்ணீர் கேட்டால்? கெரில்லா வந்து ஒரு கோழியை விலைக்குக் கேட்டால்? ஒருவனுக்குக் கொடுத்தால் மற்றவன் கணக்கில் நீ எதிரி. ஆகவே யாருக்கும் எதுவும் விற்பதில்லை, யாரையும் வீட்டில் தங்கவைப்பதில்லை என்று முடிவு. துப்பாக்கி வைத்திருப்பவனிடம் வெறுங்கையோடு 'இல்லை' என்று சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டுப் பாடம் நினைவுக்கு வந்தது. சமண அறத்தில் இன்னா செய்யாமை என்பது கையால் அடிக்காமல் இருப்பதோடு முடிவதில்லை. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்று மூன்று படி. கிருதம், காரிதம், அனுமோதனம் என்று சிறுவயதில் பாட்டி சொல்லிக்கொடுத்தது. தானே கொல்வது, பிறரைக் கொண்டு கொல்வது, கொல்வதைக் கண்டு 'சரிதான்' என்று தலையாட்டுவது. மூன்றும் வினையாக வந்து ஒட்டும். எங்கள் நூல் எதையும் பார்த்திராத மலை விவசாயிகள் தம் அனுபவத்திலேயே அந்த மூன்றாம் படிவரை வந்துவிட்டார்கள்.

விலை உடனே கேட்கப்பட்டது. அறிவித்த சில நாட்களிலேயே மலைக் குடியிருப்புகளில் தாக்குதல். குடும்பங்கள் இறங்கி சான் ஹொசேயில் ஒண்டின. அன்றுமுதல் தம் சமூகத்தையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த 200க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக அவர்களே கணக்கு வைத்திருக்கிறார்கள். பெரும்பகுதி ராணுவமும் துணைப்படையும் செய்தவை, ஒரு பகுதி ஃபார்க் செய்தவை. இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கல்லில் வண்ணம் தீட்டிப் பெயர் எழுதி ஊருக்குள் வைத்திருக்கிறார்கள்.

உடன் நடப்பவர்கள்

இங்கேதான் வெளிநாட்டார் வருகிறார்கள். வந்தவர்கள் அரிசி மூட்டையோடு வரவில்லை. உடன் நடக்க வந்தார்கள். ஊர்த் தலைவர் நகரத்துக்கு ஜீப்பில் போனால் அவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து போவார். விவசாயிகள் மலையேறி அறுவடைக்குப் போனால் ஒருவர் பின்னாலேயே நடப்பார். கையில் ஆயுதம் கிடையாது. அமைப்பின் பெயர் எழுதிய மேற்சட்டை, ஒரு தொலைபேசி, ஒரு குறிப்பேடு, அவ்வளவுதான்.

முதலில் வந்தது பீஸ் பிரிகேட்ஸ் இன்டர்நேஷனல். கொலம்பியாவில் 1994 முதல் இயங்கும் இவ்வமைப்பு சான் ஹொசேயோடு ஆரம்ப காலத்திலிருந்தே இருக்கிறது. பிறகு 2002இல் அமெரிக்காவின் ஃபெலோஷிப் ஆஃப் ரீகன்சிலியேஷன் அமைப்பினர் கிராமத்திலேயே குடியிருக்க வந்தார்கள். 2009இல் இத்தாலியிலிருந்து ஒப்பராட்சியோனே கொலோம்பா வந்தது. கொலோம்பா என்றால் புறா.

வெறுங்கையோடு வரும் ஒரு இருபத்தைந்து வயதுப் பெண் துப்பாக்கியை எப்படித் தடுப்பாள்? வியாபாரி புத்தியில் எனக்கும் முதலில் விளங்கவில்லை. பின்னால் இருக்கும் ஏற்பாட்டைப் படித்தபோதுதான் புரிந்தது. உடன் நடப்பவர் ஒரு நீண்ட கயிற்றின் நுனி மட்டுமே. கிளம்புவதற்கு முன் ராணுவத் தளபதிக்கும் உள்ளூர் அதிகாரிகளுக்கும், 'இன்ன நாள் இன்ன வழியில் எங்கள் ஆள் வருகிறார்' என்று தெரிவித்துவிடுவார்கள். தூதரகங்களுக்கும் தெரியும். ஏதாவது நடந்தால் லண்டனில், வாஷிங்டனில், ரோமில் காத்திருப்பவர்கள் தம் நாடாளுமன்ற உறுப்பினரை எழுப்புவார்கள், அமைச்சகத்துக்குக் கடிதம் எழுதுவார்கள். 2000இல் தொடங்கிய 'பிளான் கொலம்பியா'வின் கீழ் அமெரிக்கா அந்த ராணுவத்துக்குப் பெரும் பணம் கொடுத்துவந்தது. கடுமையான மனித உரிமை மீறல் செய்த படைப்பிரிவுக்கு உதவி தரக்கூடாது என்று 1997இல் செனட்டர் பேட்ரிக் லேஹி பெயரில் அங்கே ஒரு சட்டவிதி வந்திருந்தது. ஆக, சாட்சியோடு ஒரு விவசாயியைக் கொன்றால் செலவு அதிகம். ரோக்கா வாங்கும்போது பக்கத்தில் சாட்சி இருந்தால் எதிராளி வாய் மாறுவதில்லையே, அதே கணக்குதான்.

அவர்களுக்கும் விதிகள் உண்டு. அழைத்தால் மட்டுமே போவார்கள். ஊர் விவகாரத்தில் முடிவு சொல்ல மாட்டார்கள். சமூகத்தின் வேலையைத் தாம் எடுத்துச் செய்ய மாட்டார்கள். அந்த மக்களுக்கு வழிகாட்ட வந்தவர்கள் இல்லை, அவர்கள் தம் வழியில் நடக்க இடம் உண்டாக்க வந்தவர்கள்.

இந்த முறையின் வேர் எங்கே இருக்கிறது தெரியுமா? நம் தேசத்தில்தான். கலவரத்துக்கு நடுவே ஆயுதமில்லாமல் நிற்கும் 'சாந்தி சேனை' காந்தியடிகளின் எண்ணம். 1948 பிப்ரவரியில் அது பற்றிக் கூடிப் பேச ஏற்பாடாகியிருந்தது; ஜனவரி 30இல் அவர் போய்விட்டார். 1957இல் வினோபா அதைத் தொடங்கினார். பின்னர் ஜெயப்பிரகாஷ் நாராயணும் காந்தியின் செயலர் மகாதேவ தேசாயின் மகன் நாராயண் தேசாயும் வளர்த்தார்கள். 1981இல் கனடாவின் ஒரு தீவில் கூடி பீஸ் பிரிகேட்ஸ் அமைப்பைத் தொடங்கியவர்களில் நாராயண் தேசாயும் ஒருவர். 2015இல் மறையும்வரை நம் சூரத் பக்கத்து வேட்சியில்தான் இருந்தார். அவ்வமைப்பின் முதல் பெரிய களம் 1983இல் குவாத்தமாலா. 1989 முதல் 1998 வரை இலங்கையிலும் அது இயங்கியது. குஜராத்தில் இத்தனை வருஷம் கடை வைத்திருக்கும் எனக்கு இந்தச் செய்தி கொலம்பியாவைச் சுற்றிக்கொண்டுதான் வந்து சேர்ந்தது என்பதில் கொஞ்சம் வெட்கம்தான்.

நானம் நான்கு அல்ல, தானம் நான்கு என்று எங்களில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு: ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம். சோறு, மருந்து, கல்வி மூன்றும் எல்லாருக்கும் தெரியும். அபயதானம் என்றால் அச்சத்தைப் போக்குதல். சோழர் காலக் கல்வெட்டுகளில் 'அஞ்சினான் புகலிடம்' என்று ஒரு தொடர் வரும். உயிருக்கு அஞ்சி வந்தவனை அந்த எல்லைக்குள் யாரும் தொடக்கூடாது. இதை அபயதானத்தோடு சேர்த்துப் பார்க்க மயிலை சீனி. வேங்கடசாமி தம் 'சமணமும் தமிழும்' நூலில் கற்றுக்கொடுத்தார். ஆனால் நம் பழைய புகலிடம் அரசனோ வணிகர் குழுவோ காவல் நின்ற இடம். சான் ஹொசேயில் அரசே துரத்துகிறது. அப்போது காவலுக்கு யார் நிற்பது? எல்லை கடந்த மனிதர்கள்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

2005 பிப்ரவரி

இதோடு நிறுத்தினால் கதை நன்றாக இருக்கும், ஆனால் முழுமையாகாது. 2005 பிப்ரவரி 21 அன்று முலாத்தோஸ், லா ரெஸ்பலோசா என்ற மலைக் குடியிருப்புகளில் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். சமூகத்தின் நிறுவனர்களில் ஒருவரான லூயிஸ் எதுவார்தோ கெர்ரா, அவர் துணைவி, அவருடைய 11 வயது மகன். இன்னொரு வீட்டில் தாய், தந்தை, பள்ளி வயதைக்கூட எட்டாத இரண்டு குழந்தைகள். அங்கே இருந்த மற்றொருவர். அன்று அந்த மலையில் அவர்களோடு உடன் நடப்பவர் யாரும் இல்லை. செய்தி கேட்டு ஊரே திரண்டு, வெளிநாட்டுத் தோழர்களையும் கூட்டிக்கொண்டு, மலையேறிப் போய் உடல்களைத் தேடினார்கள்.

ராணுவம் பழியை ஃபார்க் மேல் போட்டது. ஒரு மாதம் கழித்து ஜனாதிபதி உரிபே, அச்சமூகத்தின் தலைவர்கள் சிலர் கெரில்லாக்களுக்கு உதவுகிறவர்கள் என்று பகிரங்கமாகப் பேசினார். ஊருக்குள் போலீஸ் நிலையம் வைத்தார்கள். ஆயுதத்தோடு சேர்ந்து வாழ்வதில்லை என்பது விதி. ஆகவே மக்கள் தம் வீடுகளையே விட்டு வெளியேறி, சற்றுத் தள்ளி 'சான் ஹொசேசித்தோ' என்று புதிய குடியிருப்பை எழுப்பினார்கள். சிறிய சான் ஹொசே என்று அர்த்தம்.

உண்மை மெதுவாகத்தான் வெளியே வந்தது. அன்று ராணுவமும் துணைப்படையும் சேர்ந்தேதான் அந்த மலையில் நடந்தன என்று 17ஆம் பிரிகேடின் கேப்டன் ஒருவர் 2008இல் ஒப்புக்கொண்டார். 2013இல் ஜனாதிபதி சாந்தோஸ், முந்தைய ஜனாதிபதி சொன்ன சொல்லுக்காக மன்னிப்புக் கேட்டார். அந்தச் சொல் திரும்பப் பெறப்பட எட்டு வருஷம். படுகொலைக்குப் பின் அமெரிக்கா 17ஆம் பிரிகேடுக்கான உதவியை நிறுத்திவைத்தது. வெளியூரில் எழுதப்பட்ட கடிதங்கள் வீண் போகவில்லை, ஆனால் எட்டு உயிரும் திரும்பவில்லை.

மனதை உறுத்தும் இன்னொரு கேள்வியும் உண்டு. ஒரு வெளிநாட்டுக் கடவுச்சீட்டு பக்கத்தில் இருந்தால் கொல்லத் தயங்குகிறார்கள் என்றால், கடவுச்சீட்டு இல்லாதவன் உயிர் மலிவு என்றுதானே பொருள்? உடன் நடப்பவர்களே இதைத் தங்களுக்குள் விவாதித்திருக்கிறார்கள். அநீதியான ஒரு ஏற்றத்தாழ்வை நல்லதற்குப் பயன்படுத்துகிறோம், அது அநீதி இல்லை என்று ஆகிவிடாது. இந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

பேரேட்டுத் தலைப்பு

இப்போது வியாபாரம். ஊராபாவில் வாழை வாங்கிய பெரிய கம்பெனி அமெரிக்காவின் சிக்கிட்டா. 1928இல் கொலம்பியாவில் வேலைநிறுத்தம் செய்த வாழைத் தொழிலாளர்களை ராணுவம் சுட்டதே, அப்போது அங்கிருந்த யுனைடெட் ஃப்ரூட் கம்பெனியின் வாரிசு இது. 1997 முதல் 2004 வரை துணைப்படைகளுக்குத் தன் துணை நிறுவனம் வழியாக 17 லட்சம் டாலர் கொடுத்ததாக 2007இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அபராதம் இரண்டரைக் கோடி டாலர். கணக்கில் அந்தப் பணம் பாதுகாப்புச் செலவு என்று ஏறியிருந்தது. அதற்கு முன் கெரில்லாக்களுக்கும் பணம் கொடுத்திருந்தது. உயிருக்கு மிரட்டினார்கள், வேறு வழியில்லை என்பது கம்பெனியின் வாதம். 2024 ஜூனில் ஃபுளோரிடாவில் ஒரு ஜூரி எட்டுக் கொலைகளுக்குக் கம்பெனி பொறுப்பு என்று முடிவு சொல்லி, குடும்பங்களுக்கு 3 கோடியே 83 லட்சம் டாலர் தரவேண்டும் என்றது.

கடை நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், மாமூல் கொடுக்காத வியாபாரி குறைவு. ஆனால் கொடுத்த காசு எங்கே போகிறது என்று தெரிந்தும் ஏழு வருஷம் கொடுத்தால் அது செய்வித்தல். பழத்தை உரித்துச் சாப்பிட்ட வாடிக்கையாளருக்கு எதுவும் தெரியாது. தெரிந்த பிறகும் கேட்காமல் இருந்தால்தான் உடன்படுதல்.

இதே வியாபாரத்துக்கு மறுபக்கமும் உண்டு. அமைதிச் சமூகம் தன் கொக்கோவை இடைத்தரகர் இல்லாமல் வெளியே விற்கிறது. இங்கிலாந்தின் லஷ் என்ற அழகுப்பொருள் கம்பெனி வாங்கியிருக்கிறது. கெட்ட வியாபாரத்தால் பெயர்க்கப்பட்டவர்கள் மண்ணில் நிற்க நியாயமான வியாபாரமும் உதவுகிறது.

2016இல் அரசுக்கும் ஃபார்க்குக்கும் சமாதான ஒப்பந்தம் ஆனது. கெரில்லா விலகிய இடத்தில் துணைப்படைகளின் வாரிசுகள் வந்து நின்றன. 2024 மார்ச்சில் சமூகத்தின் நிலம் ஒன்றில் ஒரு பெண்ணும் ஒரு சிறுவனும் கொல்லப்பட்டார்கள். ஆனாலும் அவர்கள் ஊரை விடவில்லை. கெர்ரா கொல்லப்பட்ட முலாத்தோஸுக்கே திரும்பிப் போய், அங்கே அவர் பெயரில் ஓர் அமைதிக் கிராமத்தை உருவாக்கினார்கள்.

நண்பர் கேள்விக்குப் பதில்

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த நாட்களில் ஒரு மாலை, எங்கள் கிடங்கில் பேல் ஏற்றி இறக்கும் பெரியவரிடம் சும்மா பேச்சுக் கொடுத்தேன். பதினெட்டு வருஷமாக எங்களிடம் வருகிறவர். "காக்கா, உங்க ஊர் எது?" என்றேன். நர்மதைக் கரையில் ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னார். "இப்ப தண்ணிக்கு அடியில இருக்கு சேட்" என்றார். அணைக்காக எழுப்பி, இந்த மாவட்டத்தில் கொண்டுவந்து குடிவைத்த குடும்பம். கொடுத்த நிலம் சரியில்லை, அதனால்தான் சுமை தூக்க வந்தாராம். மகுவா மரங்களைப் பற்றி வெகுநேரம் சொன்னார்.

அன்று இரவு பேரேட்டைப் புரட்டினேன். பதினெட்டு வருஷமும் அவருக்குக் கொடுத்தது 'மஜூரி' என்ற தலைப்பில்தான் இருக்கிறது. பெயர் இல்லை. கூலியில் ஒரு பைசா குறைத்ததில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் அவர் யார் என்று கேட்கப் பதினெட்டு வருஷம் ஆகியிருக்கிறது. நீர் நிறைந்த அணையின் தண்ணீரைத்தான் நானும் தினமும் குடிக்கிறேன்.

கொலம்பியாவுக்கு நம்மில் யாரும் போகப் போவதில்லை. உடன் நடப்பதற்கு விமானம் ஏறித்தான் ஆகவேண்டும் என்பதும் இல்லை. கயிற்றின் மறுநுனியில் கடிதம் எழுதியவர்களும், எங்கிருந்து வந்த பழம் என்று கடையில் கேட்டவர்களும், ஓர் ஊரின் பெயரை மறக்காமல் வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். நாம் வெளியூரில் கடை திறந்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, தமிழ்ச் சங்கம் நடத்துகிறோம். நம் சங்கக் கட்டடத்துக்குச் செங்கல் சுமந்தவர்களிலும் ஊர் இழந்தவர்கள் இருக்கக்கூடும். நம் பிள்ளைகளுக்கு நாம் பெயர்ந்த கதையைச் சொல்லும்போது, பெயர்க்கப்பட்டவர்கள் கதையையும் சேர்த்துச் சொல்வோம். அடுத்த சங்க விழாவுக்கு அந்தப் பெரியவரைக் குடும்பத்தோடு அழைத்திருக்கிறேன். மலர்க்குழு நண்பர் அவருக்கு வரவேற்புச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.